மூச்சத்தை

போகியன்று விடியும்போதே பேச்சித்தாய்க்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு மூச்சுக்குப் பஞ்சம் என்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பணியாளர்களுக்கு விட்டிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தாள். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. டயர் கருகிய நாற்றம்தான் உள்ளே வந்தது. தெருவுக்குத் தெரு பிள்ளைகள் போகி மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வடசென்னையில் கிழிந்த பாயையும் துணியையும் எரித்த காலம் போய், கையில் கிடைக்கிற பிளாஸ்டிக்கையெல்லாம் எரிக்கிற காலம் வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. அவள் ஜன்னலை மூடிவிட்டு இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பட்டை கட்டிக் கட்டி அந்த இடத்தில் தோல் வெளுத்துப்போயிருந்தது.

குழந்தைகள் அவசரப் பிரிவில் அவளுக்கு வேலை. அடையாள அட்டையில் 'சுவாசப் பதிலி' என்று போட்டிருக்கும். சிஸ்டர்கள் 'பட்டைக்காரம்மா' என்பார்கள். மூச்சத்தை என்று பெயர் வைத்தது யாழிசை. ஆறு வயசு. வருஷத்துக்கு நாலைந்து தடவை இளைப்போடு வருகிறவள். மூச்சு அத்தை என்று முழுசாகச் சொல்ல அவளுக்கு மூச்சு பத்தவில்லை, அதனால் மூச்சத்தை. அந்தப் பெயர் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆறரை மணிக்கு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள் டாக்டர் நித்திலா. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் டெல்லி. தமிழ், வீட்டில் அம்மாவிடம் பேசிய தமிழ்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போகலையா பேச்சிக்கா? மத்தவங்க எல்லாம் கிளம்பிட்டாங்களே."

"வெளாத்திகுளத்துக்கா? அங்க யாரு இருக்கா, பூட்டு இருக்கு" என்றாள் பேச்சித்தாய். "பட்டைக்காரக நாலு பேருல ரெண்டு பேரு போயிட்டாக. நானும் மோசஸும்தான். நாங்களும் போனா இன்னைக்குப் பிள்ளைகளை யாரு பாக்குது?"

"ஒண்ணு கேக்கட்டுமா? நான் படிச்ச இடத்துல பட்டை கிடையாது. படத்துலதான் பாத்திருக்கேன். அதைக் கட்டினா நிஜமா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? பிள்ளை நெஞ்சுல வில்லைய ஒட்டுவாக. எங்கையில பட்டையக் கட்டுவாக. அதுக்கு மூச்சு முட்டுத முட்டு எனக்கு வந்துரும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. சிரிச்சிக்கிட்டே மருந்த இழுக்கும்."

"நோய் உங்களுக்கு வராதில்ல?"

"நோயி அங்கதான். நோவு மட்டும் இங்க." பேச்சித்தாய் தன் நெஞ்சில் தட்டிக் காட்டினாள். "பயந்த பிள்ளை மாஸ்க்கப் பிடுங்கி எறியும். அழும். அழ அழ இறுகும். பயத்த எடுத்துட்டா பாதி மருந்துலயே சரியாயிரும். இது வந்த பொறவு இங்க செத்த பிள்ளைக எத்தனைன்னு ஒரு கை விரல்ல எண்ணிரலாம்."

"அதுதான் எல்லாரும் சொல்றாங்க."

"ஆனா ஒண்ணு. முன்ன இருந்த பெரிய டாக்டரு பிள்ளை நெஞ்சுல கொழாய வச்சுக் கேட்டுக்கிட்டே கெடப்பாரு. நீங்கள்லாம் அத மாலை மாதிரி போட்டுக்கிட்டுத் திரியுதீக."

நித்திலா சிரித்துவிட்டாள். "நீங்க உள்ள இருந்து சொல்றீங்க. நான் வெளிய இருந்து கேட்டு என்னக்கா ஆகப்போகுது?" பிறகு சுவரைக் காட்டினாள். "அந்தச் சீட்டு?"

சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் நாலு சொல் பெரிய எழுத்தில் இருந்தது. இறுகுது. இழுக்குது. தளருது. விட்டுடுச்சு.

"மொதல்ல ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள நம்பர் சொல்லச் சொன்னாக. தண்ணிக்குள்ள முங்குதவகிட்டப் போயி எத்தனை அடி ஆழம்னு கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா? அப்புறந்தான் இந்தச் சீட்டு. மிஷினு செஞ்ச கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து எழுதுனது." அவள் டீயைக் கீழே வைத்தாள். "இதுல இல்லாதது ஒண்ணு இருக்கு டாக்டரம்மா. எனக்குச் சின்னதுல இழுப்பு இருந்துது. இருந்தவுகளைத்தான் இந்த வேலைக்கே எடுப்பாக. அதனால சொல்லுதேன். நோவு நிக்கும்போது ஒரு சுகம் வரும் பாருங்க, அது ரெண்டு மாதிரி. ஒண்ணு—"

கதவு படாரென்று திறந்தது. அன்றைய முதல் பிள்ளை வந்துவிட்டது. பின்னாலேயே இன்னொன்று. நித்திலா டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

இரண்டு பிள்ளைகளின் மூச்சை வாங்கி முடித்துவிட்டு, வியர்த்துப்போய்ப் பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து நின்றபோது மணி எட்டு ஆகியிருந்தது. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் அரை மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்பது விதி. போகியன்று விதி செல்லாது.

"அக்கா! மூச்சத்தை எங்கக்கா கீற?"

குரலைக் கேட்டதுமே தெரிந்தது, தேசிங்கு. ஆட்டோ ஓட்டுகிறவன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். யாழிசையின் கழுத்தில் போகி மேளம் தொங்கி ஆடியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம்போல இருந்தது. நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் வாசல்வரை கேட்டது.

"கதவு ஜன்னலு எல்லாம் ஈரத்துணி வெச்சு அடைச்சேன்க்கா. பக்கத்து வூட்டுக்காரன் வாசல்லயே ரெண்டு டயர போட்டுக் கொளுத்திக்கிறான். இவ மேளம் அடிக்கணும்னு கதவத் தொறந்துனு ஓடிட்டா. மேளம் வாணாம்னு வேதா சொல்லிச்சு. நான்தான் வாங்கியாந்தேன். எம் புத்திய செருப்பால அடிக்கணும்."

"அத அப்புறம் அடிச்சுக்கலாம். பிள்ளையப் படுக்க வையி."

வேதா அவன் மனைவி. பூ மார்க்கெட்டில் கடை. பொங்கலுக்கு முதல் நாள் அவளால் நகர முடியாது.

சிஸ்டர் எஸ்தர் வில்லையை ஒட்டினாள். மாஸ்க்கைப் போட்டாள். பேச்சித்தாய் கட்டிலோரம் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள்.

வந்தது. ஈரச் சாக்கை நெஞ்சுக்குள் திணித்து மேலே முடிச்சுப் போட்டதுபோல வந்தது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. அடுத்த காற்றுக்கு உள்ளே இடம் இல்லை. கத்தவேண்டும்போல இருக்கும், கத்தக் காற்று இருக்காது. இத்தனைக்கும் அவளுடைய சொந்த நுரையீரல் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் அது நெஞ்சுக்குத் தெரியாதே.

முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டாள். பயிற்சியில் ஆறு வாரம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றவர்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை, பதிலியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதிலி முகம் சுளித்தால் அவர்கள் அலறுவார்கள், அவர்கள் அலறினால் பிள்ளை பயப்படும். பழைய பிள்ளைகளின் மூச்சை மிஷினில் பதிந்து வைத்திருந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைக் கையில் கட்டிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, 'சிரிங்க' என்பார்கள்.

யாழிசையின் கண்ணில் இருந்த மிரட்சி போய்விட்டது. "வந்துச்சா அத்தை?" என்றாள் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"வந்துட்டு தாயி. நீ மருந்த இழு."

"வலிக்குதா?"

"எனக்கென்ன, நான் பெரிய பொம்பளை."

யாழிசைக்கு ஒரு பழக்கம் உண்டு. வலியைச் சும்மா கொடுக்கமாட்டாள். ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஒன்று தருவாள். ஹேர்கிளிப், பாதி கடித்த மிட்டாய், ஒரு தடவை விழுந்த பல். இன்றைக்கு மேளக் குச்சியை நீட்டினாள்.

"என் வலிய எடுத்துக்கினல்ல. இந்தா. நான் விரல்ல அடிச்சுக்கிறேன்."

பேச்சித்தாய் குச்சியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளை வயிற்றின்மேல் மேளத்தை வைத்து விரலால் தட்ட ஆரம்பித்தது. டண்டணக்க, டண்டணக்க.

"ஏய் வாலு, இது ஆஸ்பத்திரியா கல்யாண மண்டபமா?" என்றாள் எஸ்தர்.

"சிஸ்டரு, ஒனக்குத்தான் கல்யாணம்" என்றது யாழிசை. தேசிங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"இறுகுது டாக்டரம்மா" என்றாள் பேச்சித்தாய், சீட்டில் உள்ள சொல்லை, சீட்டில் உள்ளபடி.

நித்திலா மருந்தைக் கூட்டச் சொன்னாள். ஊசி போட்டாள். பத்து நிமிஷம் கழித்து, "இழுக்குது" என்றாள் பேச்சித்தாய். சொட்டு மருந்து ஏறியது. ஆக்சிஜன் கூட்டினார்கள். நாலாவது கட்டிலுக்கு ஒரு கைக்குழந்தை வந்து சேர்ந்தது, உதடு நீலமாக. மோசஸ் அதற்குப் பட்டை கட்டினான். நித்திலா அங்கே ஓடினாள்.

அப்போதுதான் அந்தச் சுகம் வந்தது.

சாக்கின் முடிச்சு அவிழவில்லை. ஆனால் அது நெஞ்சை இறுக்கவில்லை. வெதுவெதுப்பாக, பழைய சேலையைப் போர்த்தியதுபோல ஒன்று காலிலிருந்து ஏறியது. தூங்கலாம் என்றது. பரவாயில்லை என்றது.

பேச்சித்தாய்க்கு அதைத் தெரியும். ஒன்பது வயசில், தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால், அம்மா மடியில் கிடந்தபோது வந்தது. இழுத்து இழுத்து ஓய்ந்தபின் இதே சுகம். அம்மா கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். "ஐயோ, எம் பிள்ளைக்கு அடங்குதே! வண்டிய நிப்பாட்டுங்க, பிள்ளைக்கு அடங்குதே!" என்று ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக் கத்தினாள். அம்மா அறைந்த அறையில்தான் பேச்சித்தாய் பிழைத்தாள்.

கட்டிலைப் பார்த்தாள். டண்டணக்க இப்போது டண்... டண்... என்று ஆகியிருந்தது. விசில் சத்தத்தைக் காணோம். நெஞ்சு முன்போல ஏறி இறங்கவில்லை. மிஷினில் ஆக்சிஜன் தொண்ணூற்று ஐந்து காட்டியது. மாஸ்க்கில் அத்தனை ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் அது அப்படித்தான் காட்டும்.

சுவரில் இருந்த சீட்டைப் பார்த்தாள். நாலு சொல்லில் எதுவும் இது இல்லை. தேசிங்கு இரண்டடி தள்ளி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை படுத்திருக்கிற இடத்தில், பெற்றவன் காதுபடச் சாவு என்கிற சொல்லை அவள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அதற்கென்று வேறு சொல் வைத்திருந்தார்கள். அம்மா சொன்ன சொல்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், ஆனால் அழுத்திச் சொன்னாள். "டாக்டரம்மா. பிள்ளைக்கு அடங்குது."

நித்திலா நாலாவது கட்டிலிலிருந்து திரும்பினாள். மிஷினில் எண்ணைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சூப்பர்க்கா! ரெண்டே நிமிஷம், வந்துடறேன். அப்பா, நீங்க வெளிய போய் வீட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

எப்படிச் சமாளிக்கிறாள் பார், என்று நினைத்தாள் பேச்சித்தாய். அப்பனைப் பதறவிடாமல் சிரித்து வெளியே அனுப்பிவிட்டாள். இப்போது தொண்டையில் இறக்குகிற குழாயும் சாமானும் கொண்டுவருவாள். ரெண்டு நிமிஷம். பேச்சித்தாய்க்கும் கண் சொருகியது. பிள்ளையின் அயர்ச்சி பட்டை வழியாக அவளுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழித்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தேசிங்கின் குரல் சிரிப்போடு கேட்டது.

"வேதா, அடங்கிடுச்சும்மா. ஆமா, மெய்யாலுமே. டாக்டரம்மாவே சொல்ட்டாங்க. நீ யாவாரத்தப் பாரு. மத்தியானம் இட்டாந்துடறேன்."

இவன் ஏன் சிரிக்கிறான்?

அவள் தலையைத் திருப்பினாள். நித்திலா குழாய் எடுக்கப் போகவில்லை. நாலாவது கட்டிலில் குனிந்து கைக்குழந்தைக்கு ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா!" பேச்சித்தாய் கத்தினாள். ஆறு வாரப் பயிற்சி போன இடம் தெரியவில்லை. "அடங்குதுன்னு சொன்னேனே! அடங்குதுன்னு சொன்னேனே!"

"ஆமாக்கா, கேட்டேனே, நல்லதுதானே—"

"போவுது டாக்டரம்மா! பிள்ளை போவுது!"

மேளத்தின் மேலிருந்த விரல் நின்றிருந்தது.

பட்டையைத் திடீரென்று கழற்றக் கூடாது. முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. கழற்றினால் வாங்கிய வலி மொத்தமும் ஒரே நொடியில் பிள்ளைக்குத் திரும்பிப் போய்விடும். பேச்சித்தாய்க்கு அந்த நேரத்தில் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தால்தானே பிள்ளை மூச்சுக்குச் சண்டை போடும்? அந்த உணர்வை இவளல்லவா கையில் கட்டி வைத்திருக்கிறாள்? அவள் பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

யாழிசையின் கண் திறந்தது.

உடம்பு வில்லாக வளைந்தது. மேளம் உருண்டு கீழே விழுந்தது. பிள்ளை சண்டை போட்டது. இரண்டு கையாலும் காற்றைப் பிடித்து இழுத்தது. கண் பேச்சித்தாயைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒன்பது தடவை வாங்கிக்கொண்டவள் இப்போது ஏன் திருப்பித் தருகிறாள் என்று அதற்குப் புரியவில்லை. கையை நீட்டியது. உதடு அசைந்தது. என்ன சொல்ல வந்தது என்று மாஸ்க்குக்குள் தெரிந்தது. அத்தை, இந்தா. எடுத்துக்கோ. அவ்வளவுதான்.

நித்திலா வந்துவிட்டாள். குழாய் இறக்கினாள். காற்றை அழுத்தினாள். நெஞ்சு பூட்டியிருந்தது, உள்ளே போகவில்லை. எஸ்தர் மார்பை அழுத்தினாள். நாற்பது நிமிஷம் விடாமல் செய்தார்கள். இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேச்சித்தாய் சுவரோரம் நின்றாள். பட்டை இல்லை, சாக்கு இல்லை, முடிச்சு இல்லை. காலையிலிருந்து மூன்று பிள்ளைகளின் நோவைச் சுமந்தவளுக்கு இப்போது மூச்சு லேசாக, தடையில்லாமல் வந்தது. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

தேசிங்கு ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் போனை எடுத்தான். அவனுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

"வேதா... பாப்பாக்கு... அடங்கிடுச்சும்மா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பூ மார்க்கெட்டின் கூச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது. "அதான் அப்பவே சொன்னியே. யாவார நேரத்துல எத்தினி வாட்டி சொல்லுவ?"

கொஞ்ச நேரம் மார்க்கெட்டின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், "இன்னாய்யா?" என்றாள். "இன்னாய்யா சொல்ற நீ?"

மத்தியானம் மருந்து அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள் நித்திலா. பேச்சித்தாயைப் பார்த்ததும் கேட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை கேட்பதுபோல. "அடங்குதுன்னா குறையுதுன்னுதானேக்கா அர்த்தம்? எங்கம்மா காய்ச்சல் அடங்கிடுச்சுன்னு சொல்வாங்களே."

"எங்கூர்லயும் காய்ச்சலுக்கு அப்படித்தான் சொல்லுவோம்" என்றாள் பேச்சித்தாய். "மூச்சுக்குச் சொன்னா வேற, டாக்டரம்மா."

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவள் சொன்னதை ரிக்கார்டில் போட்டுக் கேட்டார்கள். குரல் நிதானமாக இருக்கிறதே, ஆபத்து என்றால் ஏன் பதறவில்லை என்று கேட்டார்கள். பதறக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். எழுதிக்கொண்டார்கள். சொற்குழப்பம் என்று முடிவாயிற்று. இரண்டு வாரம் கழித்துச் சீட்டுக்குக் கீழே புதுசாக ஒரு வரி ஒட்டினார்கள். 'மேற்கண்ட நான்கு சொற்களைத் தவிர வேறு சொல் பேசக் கூடாது.' அந்தச் சுகத்துக்கான சொல் அதில் அப்போதும் இல்லை.

பேச்சித்தாயைப் பட்டையிலிருந்து எடுத்து மாஸ்க் கழுவுகிற வேலைக்குப் போட்டார்கள். நித்திலா இப்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளை நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தேசிங்கு வந்தான். தலை மழித்திருந்தான். மாஸ்க் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"கேளு தம்பி."

"பாப்பாக்குக் கடசில வலிச்சுதா? நான் வெளிய இருந்தேன். பட்டை ஒன் கைலதான இருந்துச்சு? அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

பேச்சித்தாய் குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, நீ சொல்ல வாணாம். பழைய மூச்செல்லாம் மிஷின்ல வெச்சிருப்பாங்கன்னு சிஸ்டரு சொல்லிச்சு. அவுளுதும் இருக்கும்ல? எனக்கு ஒரு வாட்டி கட்டு." அவன் இடது கையை நீட்டினான். "வேதா தெனம் கேக்குது, எம் பொண்ணு எப்படிப் போச்சுன்னு. நான் இன்னான்னு சொல்வேன்? சொன்னா நம்புமா? ரெண்டு வாட்டி ஒரே வார்த்தைய சொன்னவனாச்சே நான்."

பயிற்சி அறையின் சாவி நித்திலாவிடம் இருந்தது. அவன் கேட்டதை அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு பேச்சித்தாயைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியும், பட்டை கையில் இருக்கிறவரை வந்தது மட்டும்தான் மிஷினில் இருக்கும். பிய்த்து எறிந்த நொடியோடு பதிவு முடிந்துவிடும்.

"போடுங்கக்கா" என்றாள் நித்திலா. "இருக்கறதை முழுசா போடுங்க."

முழுசா என்பதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இந்தத் தடவை பேச்சித்தாய் கேட்கவேண்டியிருக்கவில்லை.

கண்ணாடிக்கு முன்னால் அவனை உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினாள். விசையைத் தட்டினாள். தேசிங்கு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தைக் கல்லாக வைக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகின.

"நிப்பாட்டவா தம்பி?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "இம்மாம்... இம்சையா... இத்த எம் பொண்ணு... இத்த நீ வாங்கிக்கினியா..." அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் பிடித்துக்கொள்ள விட்டாள். அன்றைக்குப் பிள்ளை மேளம் அடித்துக்கொண்டிருந்த நிமிஷங்கள் இங்கே அவன் நெஞ்சில் ஒவ்வொன்றாகப் போயின. நித்திலா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் அவன் பிடி தளர்ந்தது. தோள் இறங்கியது. மூடிய கண்ணோடு, மழித்த தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

"அக்கா..." என்றான், தூக்கத்தில் பேசுவதுபோல. "அடங்குதுக்கா."

சாய்ந்த தலையைப் பேச்சித்தாய் கையில் தாங்கிக்கொண்டாள்.

"வெதுவெதுன்னு கீது. போத்திவுட்ட மாதிரி கீது." அவன் உதட்டில் சிரிப்பு வந்தது. பதினேழு நாளில் முதல் சிரிப்பாக இருக்கும்.

மிஷின் நின்றது. அவன் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான்.

"முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சிட்டு தம்பி."

"இவ்ளோதானா? கடசி வரிக்கும் இப்டித்தானா?"

கண்ணாடியில் நித்திலாவின் முதுகு தெரிந்தது. அது அசையவில்லை.

"இவ்வளவுதான்" என்றாள் பேச்சித்தாய். "எல்லாம் எங்கிட்டத்தான் வந்துது. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் பட்டையை அவிழ்க்க விட்டுக் கையை நீட்டிக்கொண்டு அழுதான். இத்தனை நாள் அழுத அழுகை இல்லை அது. அவள் அன்றிலிருந்து இடுப்பிலேயே வைத்திருந்த மேளக் குச்சியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது பிள்ளையோடது. அன்னைக்கு எங்கிட்ட குடுத்துது. நீ கொண்டுபோ. எனக்குச் சேர வேண்டியது இல்ல."

தேசிங்கு குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்குத்தான் வேதா வூடு பூரா தேடிச்சு. அவ வலிய வாங்கிக்கினதுக்குக் குடுத்தாளா?"

"ம்."

"அப்ப ஒன்னுதுதான்." அவள் கையைப் பிடித்து, குச்சியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். "எம் பொண்ணு சும்மா தர மாட்டாக்கா. நீ மொத்தத்தையும் வாங்கிக்கின. வெச்சுக்க."

"வேண்டாம் தம்பி."

"வெச்சுக்கன்றேன்ல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். நம்பரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

"வேதா, பாத்துட்டேன்மா. எங்கையிலயே கட்டிப் பாத்துட்டேன். கடசி வரிக்கும் அத்தைதான் வாங்கிக்கினாங்க. பாப்பாக்கு நல்லா அடங்கிச்சும்மா. தூங்கறா மாதிரி. மெய்யாலுமே."

பேச்சித்தாய் மூடிய கையோடு நின்றாள். உள்ளே குச்சி உறுத்தியது. அவளுக்கு மூச்சு லேசாக, தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தது.